ஜன்னல் வழியாக ஏற்றிய பிள்ளை

பதினாறு வருடம் எங்கள் வீட்டில் தொட்டில் கட்டவில்லை. சனிக்கிழமை பஜனைக்கு வரும் உங்களில் பலருக்கு இது தெரியாது. நீங்கள் என்னைப் பார்க்கத் தொடங்கியபோதே என் மகள் கங்கா என் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் தப்பாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் எங்களுக்கு எப்படி வந்தாள் என்று நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பெருமாள் செய்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது, வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் வைத்திருப்பது மாதிரி. முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் நான் அந்தத் தவறைச் செய்ததில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

சித்தூரில் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவன் நான். எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எங்கே தூங்கும், யார் தும்மினால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பிள்ளை இல்லாத வீட்டுக்கு எந்த மேசையில் மனுப் போடுவது என்பதுதான் தெரியவில்லை. திருப்பதியிலும் வேலூரிலும் டாக்டர்களைப் பார்த்தோம். எல்லோரும் கையை விரித்தார்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு நாகரிகத்தோடு விரித்தார்கள்.

என் மனைவி கோவிந்தம்மாவுக்கு இன்னொரு குறையும் இருந்தது. அவள் ஒற்றைப் பிள்ளை. அண்ணன் தம்பி கிடையாது. பெரியம்மா சித்தி வழியிலும் ஆண் வாரிசு இல்லை. நம் பக்கத்தில் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவது தாய்மாமன் மடியில் வைத்துத்தான். கல்யாணத்தன்றே என் பெரியம்மா ஒருத்தி பந்தியில் சத்தமாகச் சொன்னாள்: "பொண்ணு நல்லாத்தான் கீறா. மடி இல்லாத வூட்டுப் பொண்ணு. நாளைக்கி யார் மடில வெச்சிக் குத்துவீங்கோ?" பிள்ளையே பிறக்காமல் அந்தக் கேள்வி பதினாறு வருடம் அப்படியே நின்றது. கோவிந்தம்மா சில நாள் அழுதுவிட்டு, "புள்ளயே இல்லியாம், மடிக்கி எங்க போறது" என்று தானே சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியாது.

அந்த வருடங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். சென்னைப் பக்கம் கார் கம்பெனிகளும் பெங்களூர்ப் பக்கம் கண்ணாடிக் கட்டிடங்களும் எழும்பிக்கொண்டிருந்தன. சத்தியவேடு, நாகலாபுரம் பக்கத்துத் தமிழ் ஊர்களில் கை கால் திடமாக இருந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். திருப்பதியில் இருந்த அரசாங்கக் குழந்தைகள் விடுதியில் பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள். தத்து எடுக்க விரும்பும் குடும்பங்கள் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை என் மேசைக்கு வந்தது. பெருமாள் ஒவ்வொருவரிடமும் அவரவர் பாஷையில் பேசுவார் என்பார்கள். என்னிடம் சுற்றறிக்கையாகப் பேசினார்.

மனுப் போட்டேன். இணைப்புகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் காகிதக் கொடி ஒட்டி, மேலே பட்டியல் வைத்துக் கொடுத்தேன். இவ்வளவு சுத்தமான மனுவைப் பார்த்து விடுதி மேட்ரனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் இரண்டு பேர் வயதையும் கூட்டிப் பார்த்தார்கள். வரம்புக்குள் இருந்ததால் தப்பித்தோம். ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்து கிணற்றுக்கு மூடி இருக்கிறதா, சமையலறையில் வெளிச்சம் இருக்கிறதா என்று எழுதிக்கொண்டு போனார். எங்களுக்குள் சண்டை வருமா என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் கோவிந்தம்மா, "வரும்மா. இவரு பேசவே மாட்டாரு, நான்தான் ரெண்டு பேருக்கும் சேத்துப் போடுவேன்" என்றாள். அந்த அம்மா சிரித்தபடி எதையோ எழுதினார். நல்லதாகத்தான் எழுதியிருக்க வேண்டும்.

ஒரு தை மாத வெள்ளிக்கிழமை எங்களை விடுதிக்கு அழைத்தார்கள். மூன்று வயதுப் பெண் குழந்தை. பதிவேட்டில் பெயர் பத்மா, விடுதியில் வைத்த பெயர். 'பேசுவதில்லை' என்று எழுதியிருந்தது. மொட்டைத் தலையில் முடி அரை விரல் அளவு முளைத்திருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்த எல்லோரும் பிள்ளைகளோடு தெலுங்கில் பேசினார்கள். கெட்டவர்கள் இல்லை. முப்பது பிள்ளைகளுக்கு இரண்டு பேர் என்றால் எந்தப் பாஷையிலும் அதிகம் பேச முடியாது.

கோவிந்தம்மா அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முந்தானையில் முடிந்திருந்த முறுக்கை எடுத்து நீட்டினாள்.

"துன்றியாம்மா?"

குழந்தை திரும்பியது. முறுக்கைப் பார்க்கவில்லை. அவள் வாயைப் பார்த்தது. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது போல.

"துன்னுறேன்" என்றது.

மேட்ரன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை.

இந்த இடத்தில் விதிமுறையைச் சொல்ல வேண்டும். பிள்ளையை அன்றைக்கே நம் பிள்ளையாக்கித் தரமாட்டார்கள். முதலில் வளர்ப்புப் பொறுப்பில் வீட்டுக்கு அனுப்புவார்கள். வந்து வந்து பார்ப்பார்கள். பிறகு நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்கினால்தான் தத்து. அதுவரை பிள்ளை அரசாங்கத்தின் பிள்ளை, நம் வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். கோவிந்தம்மாவிடம் இதை நான்கு முறை விளக்கினேன். அவள் நான்கு முறையும் தலையாட்டிவிட்டு, குழந்தைக்கு எண்ணெய் வைக்கப் போய்விட்டாள்.

இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தைப் பற்றி எழுத என் தமிழ் போதாது. நான் அலுவலகத்திலிருந்து வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் கால் மேல் ஏறி நிற்பாள். ஒரு நாள் சாதாரணமாக "நைனா, தண்ணி" என்றாள். கேட்டது தண்ணீர்தான். நான் சொம்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் மூன்று தடவை நடந்தேன், எதற்குப் போகிறேன் என்று தெரியாமல்.

ஒரு வினோதப் பழக்கம் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், பஸ் வந்து நின்றதும் கதவுப் பக்கம் போகமாட்டாள். ஜன்னலுக்குக் கீழே போய் நின்று இரண்டு கையையும் மேலே தூக்குவாள். நாங்கள் சிரிப்போம். "இன்னாடி, பஸ்ஸ கும்புட்றியா?" என்பாள் கோவிந்தம்மா.

பங்குனி பிறந்ததும் நீதிமன்ற மனுவுக்காகக் கோப்பின் நகலை வாங்கினேன். வக்கீலிடம் கொடுப்பதற்கு முன் நானே படித்தேன். மற்றவர்கள் கதைப் புத்தகம் படிப்பதுபோல் நான் கோப்பு படிப்பேன். அதில் ஆறாவது பக்கத்தில் ஒரு பஸ் கண்டக்டரின் வாக்குமூலம் இருந்தது. தெலுங்கில், நான்கே வரி. 'திருப்பதி பஸ் ஸ்டாண்டில் கூட்ட நெரிசலில் ஓர் ஆள் மொட்டை போட்ட குழந்தையை ஜன்னல் வழியாக உள்ளே விட்டான். அவன் பஸ்ஸில் ஏறவில்லை. பஸ் சித்தூர் வந்ததும் குழந்தையை யாரும் கேட்கவில்லை. காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன்.' கீழே வேறு ஒரு கையெழுத்தில், 'கைவிடப்பட்ட குழந்தை' என்று முடிவு எழுதி முத்திரை குத்தியிருந்தது.

படித்துவிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தேன்.

அந்த முடிவை எழுதியவர் எந்த ஊர்க்காரரோ தெரியாது. கூட்டத்தில் பஸ் ஏறி ஊருக்குப் போனவராக இருக்க முடியாது. ஏனென்றால் நம் பக்கத்தில் பிள்ளையை ஜன்னல் வழியாக விடுவது எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். சீட்டுப் பிடிக்க. துண்டு போட்டால் எடுத்து எறிந்துவிடுவார்கள். பிள்ளையை உட்கார வைத்தால் யாரும் எடுத்து எறியமாட்டார்கள். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் ஓடி இடித்து ஏறுவோம். என்னையே என் அப்பா அப்படித்தான் ஏற்றினார். கைவிட நினைப்பவன் மலைக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, அப்புறம் ஜன்னல் சீட்டும் பிடித்துக் கொடுத்துவிட்டா போவான்?

அவள் கைவிடப்பட்டவள் அல்ல. தொலைந்தவள். யாரோ தேடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கோப்பைப் பார்த்தவர்களில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. பத்திரிகையில் அறிவிப்பு வந்திருந்தது. கெடு முடிந்திருந்தது. குழந்தைகள் நலக் குழு, தத்துக்குத் தடையில்லை என்று சொல்லியிருந்தது. ஆனால் அறிவிப்பு வந்தது தெலுங்குப் பத்திரிகையில். 'துன்னுறேன்' என்று பேசுகிற பிள்ளையின் வீட்டில் தெலுங்குப் பத்திரிகை எங்கே இருக்கும்? நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதில் எனக்கு அனுபவமும் உண்டு.

வீட்டில் ஒன்றும் சொல்லாமல் நாகலாபுரத்துக்கு பஸ் ஏறினேன். நம் பெருமாள் கோயிலில் சூரிய பூசை நடக்கும் நாட்கள். சாயங்கால வெயில் கோபுர வாசல் வழியாக உள்ளே நுழைந்து சாமியின் பாதத்தைத் தொடும் முதல் நாள். கூட்டத்தில் நின்று கையைக் கூப்பினேன். நான் வேண்டியதை மறைக்காமல் எழுதுகிறேன். 'யாரும் வரக்கூடாது. அந்த ஆள் தேடுவதை நிறுத்திவிட வேண்டும். பிள்ளை எங்களுக்கே இருக்க வேண்டும்.' இதைத்தான் வேண்டினேன். வெட்கமில்லாமல் மூன்று தடவை வேண்டினேன்.

பக்கத்தில் ஓர் அர்ச்சகர் வெளியூர்க்காரர்களுக்குத் தலபுராணம் சொல்லிக்கொண்டிருந்தார். நாம் சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அசுரன் வேதங்களைத் திருடிக் கடலுக்குள் ஒளித்தான். பெருமாள் மீனாகப் போய்த் தேடினார், கண்டுபிடித்தார், மீட்டார். "மீட்டதத் தானே வெச்சிக்கல" என்றார் அர்ச்சகர். "யாருதோ அவங்க கையில, பிரம்மா கையில, குடுத்துட்டாரு."

வெயில் பாதத்தில் இருந்தது. என் கூப்பிய கை தானாக இறங்கியது.

தொலைந்ததைத் தேடி உரியவர் கையில் சேர்க்கிற சாமியிடம் வந்து, தொலைந்ததை ஒளித்துவைக்க அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் மனுக்களைத் தவறான பிரிவுக்கு வந்தது என்று திருப்பி அனுப்பியவன் நான். என் மனு எனக்கே திரும்பி வந்துவிட்டது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு வேண்டுதலை மாற்றினேன். 'யாருடைய பிள்ளையோ அவர்களிடம் சேரட்டும். எங்களைத் தாங்கிக்கொள்.' முன்பு வேண்டியதைப் போல இது சுலபமாக வரவில்லை. ஒரு முறைதான் வேண்ட முடிந்தது.

மறுநாள் கோவிந்தம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு அது போய்விட்டது.

"நீ இன்னா மன்சன்? கவருமெண்டே எடுத்துக்கோன்னு குடுத்துகினு கீது. ஒனக்கு இன்னா நோவு?"

"அவளத் தேடிகினு யாரோ கீறாங்க, கோவிந்தம்மா."

"எட்டு மாசமா தேடாதவன் இனிமேதான் தேடுவானா? அந்தப் பக்கத்தக் கிழிச்சிப் போடு."

கிழிப்பதற்கு எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. "அவ ஜன்னலாண்ட நின்னு கையத் தூக்கறாளே, அது பஸ்ஸக் கும்புடறது இல்ல" என்றேன். "யாரோ தூக்குவாங்கன்னு தூக்கறா."

அவள் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான்கு நாள் எனக்குச் சோறு போட்டாள், சொல் போடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அவளே சொன்னாள்: "போய் எழுதிக் குடுங்க. நாளைக்கி இவ பெரியவளாயி கேட்டா நான் இன்னா சொல்றது."

விடுதி மேட்ரனிடம் தமிழிலும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மீகு பிச்சா சார்?" என்றார். பைத்தியமா என்று கேட்கிறார். "எல்லாரும் சீக்கிரம் ஆகணும்னு வருவாங்க. நீங்க உங்களுக்கே ஆட்சேபணை எழுதிக்கினு வர்றீங்க" என்றார். ஆனால் குழுவுக்கு அனுப்பினார். குழு மேலும் முப்பது நாள் கெடுவோடு தமிழில் அறிவிப்புக் கொடுத்தது. அதையே நான் அட்டையில் எழுதி, சத்தியவேடு, நாகலாபுரம், ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டுகளில் டீக்கடை டீக்கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையாலேயே என் வீட்டுக்கு வழி எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

இருபத்து மூன்றாம் நாள் மேட்ரன் ஆள் அனுப்பினார். வந்துவிட்டான்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்குப் போனோம். அவன் பெயர் வேலு. இருபத்தாறு வயது இருக்கும். பெங்களூரில் கட்டிட வேலை செய்யும் கொத்தனார். சத்தியவேட்டில் அவனைத் தெரிந்த டீக்கடைக்காரர் ஒருவர், அவன் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். சிமெண்ட் படிந்த சட்டையோடு அப்படியே வந்திருந்தான். பிள்ளையின் தாய்மாமன். அவளுடைய அப்பா சாரத்திலிருந்து விழுந்து இறந்தவர். அம்மா அடுத்த ஆறு மாதத்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பிள்ளைக்கு மலையில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டது அந்த அம்மா. அக்காவின் வேண்டுதலை முடிக்கத்தான் வேலு அவளைத் திருப்பதிக்குக் கூட்டி வந்திருக்கிறான். கையில் ஒரு ஸ்டூடியோ போட்டோ வைத்திருந்தான். மாமனும் மருமகளும் மொட்டைத் தலையோடு, ஒரே மாதிரி முழித்துக்கொண்டு. குழுத் தலைவர் அதைக் கோப்பில் இருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒப்பிட வேண்டியதே இல்லை. கோவிந்தம்மாவின் இடுப்பிலிருந்து குழந்தை தாவிக்கொண்டிருந்தது. "மாமா! மாமா!" அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதைப் பிடித்து இழுத்தது. கோவிந்தம்மாவின் கை இரண்டும் பிள்ளையைப் பிடித்த வளைவிலேயே நின்றன. உள்ளே பிள்ளை இல்லை.

அவன் சொல்வது உண்மைதானா என்று கிராமத்தில் விசாரிக்கக் குழு சில நாள் எடுத்துக்கொண்டது. அதுவரை பிள்ளை எங்களிடம், மாமன் வந்து பார்க்கலாம் என்றார்கள். எங்கே வந்து பார்ப்பான்? சித்தூரில் எங்கள் வீட்டிலேயே தங்கச் சொன்னேன். நாற்காலியில் உட்காரமாட்டேன் என்றான். கோவிந்தம்மா அவனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் நின்றாள்.

"புள்ளய ஜன்னல்ல உட்டுட்டு நீ எங்கடா பூட்டே?"

"கதவாண்ட ஓடனேன்கா." அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. "ரெண்டு பஸ்ஸு ஒண்ணாண்ட ஒண்ணு நின்னுகினு இருந்துச்சி. போர்டு தெலுங்குல. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான். ஒர்த்தரக் கேட்டேன், இதான் சத்தியவேடுன்னு கையக் காட்டனாரு. ஜன்னல்ல இவள உட்டேன். இடிச்சி ஏறிப் பாத்தா சீட்டுல இவ இல்ல. பக்கத்து பஸ்ஸுல உட்டுட்டேன்கா. எறங்கறதுக்குள்ள அது பூடுச்சி. எந்த ஊரு பஸ்ஸுன்னே தெரியல."

"அப்பால?"

"அங்கியே எழுதிக் குடுத்தேன். அப்பால ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பெங்களூர்லேந்து வந்து பஸ் ஸ்டாண்டுலயே நிப்பேன். திருப்பதில தெனம் ஆயிரம் மொட்ட. எந்த மொட்டயப் பாத்தாலும் கங்கா மாதிரியே இருக்கும். கிட்ட போய்ப் பாப்பேன். சில பேரு புள்ள புடிக்கறவன்னு அடிக்க வந்தாங்க."

அவள் பெயர் கங்கா என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவன் கொடுத்த காகிதம் திருப்பதியில் இருந்தது. குழந்தையின் காகிதம் சித்தூரில் பிறந்தது. இரண்டும் எட்டு மாதத்துக்கு மேல் ஒரே மாவட்டத்தில் இருந்தும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. அவன் ஞாயிறுதோறும் நின்ற இடத்திலிருந்து விடுதிக்கு நடந்தே போகலாம்.

கோவிந்தம்மா அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "துன்னு. அழுதுகினே துன்னா ஒடம்புல ஒட்டாது." அவள் குரல் மாறியிருந்தது. அவன் தன்னை இரண்டு முறை 'அக்கா' என்று கூப்பிட்டுவிட்டதை அவள் கவனித்திருந்தாள். அந்த வார்த்தையை அதற்கு முன் உரிமையோடு யாரும் அவளிடம் சொன்னதில்லை.

விசாரணை முடிந்தது. பிள்ளையை மாமனிடம் ஒப்படைக்கத் திருப்பதிக்கு வரச் சொன்னார்கள். ஒரு புதன்கிழமை காலை நான்கு பேரும் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். கோவிந்தம்மா பிள்ளையின் துணிகளை ஒரு பையில் மடித்து வைத்திருந்தாள். முறுக்கும் இருந்தது.

பஸ் வந்தது. கூட்டம் கதவை மொய்த்தது. கங்கா வேலுவின் கையை உதறிவிட்டு ஓடினாள். ஜன்னலுக்குக் கீழே நின்று அவனைத் திரும்பிப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள்.

வேலு தூக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் அவன் தோளைப் பிடித்தேன். கோவிந்தம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவு வழியாக ஏறி, கிடைத்த இடத்தில் மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக இருவர் முகமும் தெரிந்தது. கங்கா அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

வேலு பார்த்துக்கொண்டே இருந்தான். கண்டக்டர் விசில் ஊதினார்.

"சீட்டுப் புடிக்கத்தானே சார் அன்னைக்கி உள்ள உட்டேன்" என்றான். "புடிச்சிட்டா பாருங்க. நான் எதுக்கு எழுப்பணும்?"

கோவிந்தம்மாவின் மடியைத்தான் சீட்டு என்கிறான்.

"எங்க வேலை ஒரு எடத்துல நிக்காது சார். இன்னைக்கி இந்தக் கட்டடம், நாளைக்கி அந்தக் கட்டடம். மணல் மேல தூங்குவா. எங்கக்கா இருந்தாளானா வேற. உங்கூட்டம்மா முறுக்கு வெச்சிகினு கீறாங்க பாருங்க, எங்கக்காவும் அப்படித்தான் முடிஞ்சி வெப்பா."

இங்கே என் வாயை நான் மூடியிருக்கலாம். மூடவில்லை. அவனை எழுப்பி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வைத்து, திருப்பதி வரை விதிமுறையைச் சொல்லிக்கொண்டு போனேன். 'பிள்ளையைத் தத்துக்கு விடுவதாக நீ எழுதிக் கொடுத்தாலும் அறுபது நாள் இருக்கிறது. அதற்குள் எப்போது மனசு மாறினாலும் வந்து பிள்ளையைக் கேட்கலாம். யாரும் உன்னை ஏன் என்று கேட்க முடியாது. நானும்தான்.' குழுவின் முன்னாலும் அதைத் தமிழில் இன்னொரு முறை அவனுக்குச் சொல்ல வைத்தேன். அவன் கையெழுத்துப் போட்டான். மேட்ரன் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

அறுபது நாள். கோவிந்தம்மா காலண்டரில் ஒவ்வொரு நாளாகக் கிழித்தாள். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் நாகலாபுரம் போனேன். எதையும் கேட்கவில்லை. கேட்டதைத்தான் பெருமாள் ஏற்கெனவே கொடுத்துவிட்டாரே. உரியவனிடம் சேர்ந்தது, உரியவன் முடிவு செய்தான். நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அறுபதாம் நாள் மத்தியானம் வாசலில் வேலு நின்றான். கையில் பெரிய பை.

கோவிந்தம்மா பிள்ளையை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். நான் 'வா' என்று கூடச் சொல்லவில்லை. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தான். பட்டுப் பாவாடை. வெற்றிலை பாக்கு. வாழைப்பழம். மாவிலை போட்ட ஒரு சின்னப் பித்தளைச் சொம்பு. கடைசியாக, காகிதத்தில் மடித்த இரண்டு தங்கக் கம்மல், கடுகளவு.

"மொட்டைக்கி மடி குடுத்தேன்" என்றான் கோவிந்தம்மாவைப் பார்க்காமல். "காது குத்தல. அதுக்குள்ளதான் தொலச்சிட்டேன். எங்க சைடுல மாமன் மடிலதான் குத்தணும்கா. நீங்க வேற மாமன வெச்சிகினு கீறீங்கன்னா சொல்லுங்க, இத வெச்சிட்டுப் பூட்றேன்."

கோவிந்தம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பதினாறு வருடத்துக்கு முன் பந்தியில் கேட்ட கேள்விக்கு என் வீட்டுக் கூடத்தில் பதில் நின்றுகொண்டிருந்தது.

"எங்களுக்கு ஏதுடா வேற மாமன்" என்றாள் கடைசியில். "நிக்கிறான் பாரு, விருந்தாளி மாதிரி. உக்காருடா."

நாகலாபுரத்தில், பெருமாள் சன்னதிக்கு எதிர் மண்டபத்தில், வேலு சப்பணமிட்டு உட்கார்ந்தான். கங்கா அவன் மடியில். ஆசாரி ஊசியை எடுத்ததும் ஊரையே கூட்டினாள். "மாமா வோணாம், நைனா வோணாம், எல்லாரும் போங்க!" என்று கத்தினாள். என் பெரியம்மாவும் வந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அதை நான் இரண்டாவது அற்புதமாகக் கணக்கில் வைத்திருக்கிறேன். சில மாதத்தில் நீதிமன்ற உத்தரவும் வந்தது. அதில் அவளைப் பெற்ற அம்மா வைத்த பெயரையே போடச் சொன்னோம்.

இன்று கங்கா பெங்களூரில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் வேலை பார்க்கிறாள். வேலு அங்கேயே மேஸ்திரியாகிக் குடும்பத்தோடு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சாப்பாடு மாமன் வீட்டில். பதினெட்டு வயதானதும் அவளிடம் கோப்பை முழுதாகக் கொடுத்தேன். ஆறாவது பக்கத்தைப் படித்துவிட்டு, "நைனா, இதக் கிழிக்கணும்னு ஒனக்குத் தோணலியா?" என்று கேட்டாள். தோன்றியது என்றேன். பெருமாள் விடவில்லை என்றேன். அதுதான் உண்மை. என் நேர்மையைப் பற்றி எனக்கு இருந்த நல்ல அபிப்பிராயம் அந்த ஆறாவது பக்கத்தோடு முடிந்துவிட்டது. அன்று என்னைப் பிடித்து நிறுத்தியது நான் அல்ல.

பிள்ளைக்காகவோ, நோய்க்காகவோ, வேறு எதற்காகவோ இந்தச் சன்னதியில் நிற்கிற உங்களுக்கு நான் சொல்ல ஒன்று இருக்கிறது. கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள். ஆனால் கோப்பை முழுதாக வைத்துக் கேளுங்கள். உங்களுக்குப் பாதகமான பக்கத்தை உருவி எடுத்துவிட்டு மீதியை மட்டும் நீட்டாதீர்கள். அவர் அந்தப் பக்கத்தையும் படித்தவர். நான் ஒரு பிள்ளையை மட்டும்தான் கேட்டேன். நான் கிழிக்க நினைத்த அந்தப் பக்கத்துக்குள்தான், என் மனைவிக்கு ஒரு தம்பியை அவர் வைத்திருந்தார்.